மணல் திட்டில் ஆறு பேர்

ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரருக்கும் ராஜபாளையத்தாருக்கும் கடலைப் பற்றி என்ன கவலை என்று நேயர்கள் கேட்கலாம். மேற்கே மலை; சுற்றிலும் கண்மாய்களும் பஞ்சாலைகளும். ஆயினும் 1910-ம் வருஷம் முதல் 1985 வரையில் இவ்விரண்டு ஊர்களும் ராமேசுவரமும் ஒரே ராமநாதபுரம் ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. இன்றும் ஆடி அமாவாசைக்கு அக்னி தீர்த்தமாடப் போகிற நம் யாத்ரீகர்கள், அரிச்சல்முனை வரையில் சென்று, புருவத்தின் மேல் கை வைத்து, இலங்கை தெரிகிறதா என்று பார்க்காமல் திரும்புவதில்லை. இலங்கை எங்கே தெரிகிறது! அலையும், அதற்கப்பால் சேதுவின் மணல் திட்டுக்களுந்தான் தெரிகின்றன.

அத்திட்டுக்களில் ஒதுங்க நிழலில்லை. குடிக்க ஒரு வாய் நல்ல தண்ணீர் இல்லை. 2022 மார்ச்சு 22-ந் தேதி நான்காவது திட்டில் ஆறு பேர் திகைத்து நின்றார்கள். அவர்களில் மூவர் குழந்தைகள். அம்மூவரிலும் ஒன்று கைக்குழந்தை. இலங்கையின் வட பாகத்திலிருந்து ஏற்றி வந்த படகு, அவர்களை அங்கே இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டது.

கைக்குழந்தையோடு கடலில் இறங்கத் துணிவது எதனால்? அப்போது இலங்கையில் அந்நியச் செலாவணி வற்றி, அரிசியும் மண்ணெண்ணெயும் அரிய பொருள்களாகிவிட்டன. அதே வாரத்தில் 400 கிராம் பால் மா அந்நாட்டு நாணயத்தில் 790 ரூபாய்க்கு ஏறியது. தாயின் துணிவுக்கு வேறு காரணம் தேட வேண்டுமா?

செய்தி எட்டியதும் இந்தியக் கடலோரக் காவல் படையினர் ஹோவர்கிராஃப்டில் விரைந்தார்கள். இது விந்தையான வாகனம். பெரிய விசிறிகள் காற்றை அடியில் செலுத்த, சுற்றிலுமுள்ள ரப்பர்ப் பாவாடை அதைத் தேக்கிக்கொள்ள, வாகனம் காற்று மெத்தையின் மேல் மிதந்து செல்கிறது. நீரானாலும் மணலானாலும் அதற்கு ஒன்றே. கப்பல் தரை தட்டிவிடக்கூடிய அந்த ஆழமற்ற கடலில் இதைவிட உதவியான வாகனம் வேறில்லை. சிப்பந்திகள் திட்டின் மேலேயே வாகனத்தை ஏற்றி நிறுத்தி, ஆறு பேரையும் பத்திரமாகக் கரை சேர்த்தார்கள்.

இதில் ஒரு தர்மசங்கடமும் உண்டு. 1977-ல் உருவான அப்படைக்கு எல்லையைக் காப்பதும் கடமை. தத்தளிப்பவரைக் காப்பதும் கடமை. 1974-ம் வருஷத்து உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட எல்லைக்கோட்டைப் பாஸ்போர்ட் இன்றித் தாண்டியவர்கள் சட்டப்படி குற்றவாளிகள். ஆகவே தூக்கிக் காப்பாற்றிய கைகளே அவர்களைக் கடலோரப் போலீஸாரிடம் ஒப்படைக்கவும் வேண்டியிருந்தது. எந்தக் கடமை முதலில் என்ற கேள்விக்கு, வெயிலில் வாடிய குழந்தையைக் கண்ட பிறகு யாரும் புஸ்தகத்தைப் புரட்டமாட்டார்கள் என்பது என் அபிப்பிராயம். அகதிகள் என்ற சொல்லுக்கு நம் சட்டத்தில் தனி இடமில்லாதது வேறு விஷயம். அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள் அந்தச் சிப்பந்திகள் அல்லர்.

அன்று தொடங்கி அந்த வருஷத்திலேயே நூற்றுக்கு மேற்பட்டோர் இவ்வாறு வந்து சேர்ந்தார்கள். மண்டபம் முகாமில் அவர்களுக்கு இடமளிக்கப்பட்டது. முன்னாளில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன கூலிகளைத் தங்கவைத்துச் சோதித்து அனுப்பியதும் இதே மண்டபத்தில்தான். அவர்களில் ராமநாதபுரம் ஜில்லாக்காரரும் உண்டு.

அடுத்த முறை அரிச்சல்முனைக்குப் போகும் நேயர்கள் இலங்கையைத் தேடுவதோடு, நான்காவது திட்டு எது என்று பக்கத்திலுள்ள மீனவரிடம் கேட்டுப் பார்க்கட்டும்.