விறகுக் கணக்கு

அரிச்சந்திரன் கதையை விடிய விடியத் தெருக்கூத்தில் கண்டவர்களுக்கு மயான காண்டம் மறந்திருக்காது. பாம்பு தீண்டி மாண்ட பிள்ளையைச் சுமந்து வந்து நிற்பவள் தன் மனைவியே என்று அறிந்த பிறகும், சுடுகாட்டுக்குரிய கால் பணத்தையும் முழத் துண்டையும் வாய்க்கரிசியையும் கேட்காமல் விடுவதில்லை அந்தக் காவலன். சத்தியத்தின் மகிமையைச் சொல்ல வந்த கதைதான். ஆனாலும் ஊரில் வேறு எந்தக் கணக்குத் தவறினாலும் மயானத்துக் கணக்குத் தவறாது என்னும் உலகியல் உண்மையும் அதற்குள் இருக்கிறது. பஞ்சாபில் ஒரு மனிதர் இந்த உண்மையைப் பிடித்துக்கொண்டுதான் ஒரு சர்க்காரைக் கேள்வி கேட்டார்.

அவர் பெயர் ஜஸ்வந்த் சிங் கால்ரா. பாகிஸ்தான் எல்லையை ஒட்டிய கால்ரா கிராமத்தில் 1952இல் பிறந்தவர். அமிருதசரஸில் வங்கி நிர்வாகத்தில் இருந்தவர். அகாலி தளத்தின் மனித உரிமைப் பிரிவுக்குப் பொதுச் செயலாளர். 1980களிலும் அடுத்த சில ஆண்டுகளிலும் அந்தப் பிரதேசம் பட்ட பாடு கொஞ்சமன்று. தனிநாடு கோரிய தீவிரவாதிகள் பஸ்ஸிலிருந்து பிரயாணிகளை இறக்கிச் சுட்டார்கள். அவர்களை ஒடுக்கக் கிளம்பிய போலீஸார் வீடு வீடாகப் புகுந்து இளைஞர்களை அழைத்துப் போனார்கள். அப்படிப் போனவர்களில் அநேகர் திரும்பவில்லை. தேடிவந்த தகப்பன்மாருக்கு, அப்படி ஒருவனை நாங்கள் பிடிக்கவே இல்லை என்பதுதான் ஸ்டேஷனில் கிடைத்த பதில்.

காணாமற்போன சகா ஒருவரைத் தேடி அலைந்த கால்ரா, கடைசியில் அமிருதசரஸின் துர்கியானா மயானத்துக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே அவர் கண்டது ஒரு பதிவேடு.

கேட்பாரற்ற பிரேதத்தைப் போலீஸார் கொண்டுவந்தால் அதை எரிக்கும் செலவு பொதுப்பணத்தைச் சேர்ந்தது. பிணம் எரிய விறகு வேண்டும், விறகுக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு ரசீது வேண்டும், அந்த ரசீதுக்கு ஆதாரமாக இன்ன தேதியில் இன்ன ஸ்டேஷனிலிருந்து இன்ன அதிகாரி இத்தனை பிரேதங்கள் கொண்டுவந்தார் என்று எழுதி வைக்க வேண்டும். கொன்றதை மறைக்கத் தெரிந்தவர்களுக்கு விறகுச் செலவை மறைக்கத் தோன்றவில்லை; தோன்றியிருந்தாலும் தணிக்கைக்காரர் விட்டிருக்கமாட்டார். வங்கிக் கணக்கில் பழகிய கண்ணுக்கு இந்த ஏடுகளைப் படிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. பட்டி, தரன் தாரன் ஆகிய ஊர்களின் மயானங்களிலும் அவர் இதே கணக்கைத் தேடி எடுத்தார்.

அவ்வேடுகளில் திரும்பத் திரும்ப வரும் சொல் ‘லாவாரிஸ்’. நாம் சொத்துப் பத்திரத்தில் எழுதும் ‘வாரிசு’ என்ற சொல்லும் இதுவும் ஒரே அரபு வேரிலிருந்து வந்தவை. வாரிசு இல்லாதது, அநாதை, என்று பொருள். இறந்தவனின் பெயரும் ஊரும் தெரிந்திருந்தும், தாயும் தகப்பனும் அடுத்த கிராமத்தில் உயிரோடிருந்தும், பிரேதம் மட்டும் லாவாரிஸாக எரிந்தது. சட்டப்படி எடுக்கவேண்டிய புகைப்படம், விரல்ரேகை முதலிய சடங்குகளைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

1995 ஜனவரியில் கால்ராவும் அவருடைய சகாக்களும் இவற்றைப் பத்திரிகைகளுக்கு வெளியிட்டார்கள். காணாமற்போனவர்கள் வெளிநாடுகளுக்குப் போய்ப் பிழைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று போலீஸ் தலைமை சமாதானம் சொல்லிற்று. உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, வழக்காட உங்களுக்கு உரிமை இல்லை, பாதிக்கப்பட்ட குடும்பத்தார் வரட்டும் என்று மனு தள்ளுபடியாயிற்று. ஏட்டில் வாரிசு இல்லை என்று எழுதிவிட்டு, வாரிசே வரவேண்டும் என்று கேட்கிற இந்த நியாயத்தை என்னென்பது! அவ்வாண்டு கால்ரா கனடாவுக்குச் சென்று அங்கும் இதைப் பேசினார். ஊருக்குத் திரும்பவேண்டாம் என்று தடுத்தவர்கள் உண்டு, அவர் திரும்பினார்.

1995 செப்டம்பர் 6ஆம் தேதி காலை, வீட்டு வாசலில் தம் காரைக் கழுவிக்கொண்டிருந்தவரைப் போலீஸார் பிடித்துச் சென்றார்கள். பிடிக்கவே இல்லை என்ற பழைய பதில்தான் அவர் விஷயத்திலும் கிடைத்தது.

ஆனால் இம்முறை, உரிமை இல்லை என்று யாரும் சொல்லமுடியாத ஒருவர் உச்ச நீதிமன்றத்தின் முன் நின்றார். கால்ராவின் மனைவி பரம்ஜித் கௌர், பல்கலைக்கழக நூலகத்தில் வேலை பார்த்தவர், ஆட்கொணர்வு மனுவோடு வந்தார். 1995 நவம்பரில் நீதிமன்றம், கால்ராவைக் கடத்தியது யார் என்பதையும் அவர் சொன்ன தகனங்கள் மெய்தானா என்பதையும் சேர்த்து விசாரிக்கும்படி மத்தியப் புலனாய்வுத் துறைக்கு உத்தரவிட்டது. மறு ஆண்டு டிசம்பரில் வந்த அறிக்கையின்படி, அமிருதசரஸ் மாவட்டத்தின் மூன்று மயானங்களில் மட்டும் 1984 முதல் 1994 வரை இவ்வாறு எரிக்கப்பட்டவை 2,097 பிரேதங்கள். அவற்றில் முழுதும் அடையாளம் தெரிந்தவை 585. அரைகுறையாகத் தெரிந்தவை 274. மிச்சம் 1,238 யாருடையவை என்றே தெரியவில்லை. பஞ்சாப் முழுவதற்கும் கால்ரா சொல்லிவந்த மதிப்பீடு 25,000. மற்ற மாவட்டங்களின் ஏடுகளை இப்படிப் புரட்டிப் பார்க்க ஒருவரும் உத்தரவிடவில்லை.

உச்ச நீதிமன்றம் தகன விவகாரத்தைத் தேசிய மனித உரிமை ஆணையத்திடம் ஒப்படைத்தது. ஆணையம் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து, போலீஸ் காவலில் இருந்தவர்கள் என்று ஒப்புக்கொள்ளப்பட்ட 194 பேரின் குடும்பங்களுக்குத் தலா இரண்டரை லட்சம் ரூபாயும், விதிப்படி எரிக்கப்படவில்லை என்ற காரணத்துக்காக மற்றும் பலருடைய குடும்பங்களுக்குத் தலா ஒன்றே முக்கால் லட்சமும் அளிக்கச் சொல்லிற்று. எரித்த முறை தவறென்று கண்ட ஆணையம், எரிக்கப்பட்டவர்கள் செத்தது எப்படி என்பதற்குள் போகவில்லை. இது எனக்கு இன்றும் ஜீரணமாகாத விஷயம்.

கால்ரா வழக்கு வேறு வழியில் போயிற்று. அவரைக் காவலில் வைத்துக் கொன்றதை அறிந்த ஒரு போலீஸ்காரரே சாட்சி சொன்னார். 2005இல் பாட்டியாலா நீதிமன்றம் ஆறு போலீஸாரைக் குற்றவாளிகள் என்றது. மேல்முறையீட்டில் நால்வருக்குத் தண்டனை ஆயுளாக உயர்ந்தது. 2011இல் உச்ச நீதிமன்றமும் தண்டனையை உறுதிசெய்தது. கொன்ற பின் உடலை ஹரிக்கே அருகே ஓடும் நீரில் எறிந்துவிட்டார்கள் என்பது சாட்சியம். அது அகப்படவே இல்லை. ஆகவே அவருக்கென்று எந்த மயானத்திலும் விறகுக் கணக்கு எழுதப்படவில்லை.