பழைய இலக்கம், புதிய இலக்கம்: புலங்களைப் பொருத்துதல்

மாணவர்களே, அம்மாவின் பழைய தேசிய அடையாள அட்டையில் ஒன்பது இலக்கங்களும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். 2016 முதல் வழங்கப்படும் அட்டையில் 12 இலக்கங்கள். ராகலையில் தோட்ட அலுவலகத்தில் பழையதும் வங்கியில் புதியதும் பதிவாகியிருந்தால், கணினிக்கு அம்மா இரண்டு ஆட்கள்! எனவே புலத்துக்குப் புலம் பொருத்த வேண்டும்.

உதாரணம் (கற்பனை இலக்கம்): 785321234வி → 197853201234

1. பிறந்த ஆண்டு: 78 → 1978
2. நாள்: 532 → 532 (பெண்களுக்கு 500 கூட்டப்படும், 32ஆம் நாள் பெப்ரவரி 1)
3. தொடரிலக்கம்: 123 → 0123
4. சரிபார்ப்பு இலக்கம்: 4 → 4
5. எழுத்து: நீக்கப்படும்

ஜாவா மொழியில் பெயர் ஒத்த புலங்களை மொடல்மெப்பர் போன்ற நூலகம் தானாகவே இணைக்கும். மேலுள்ளவை போன்ற மாற்ற விதிகளை நாமே எழுதிக் கொடுக்க வேண்டும்.

கவனிக்க: முன்னால் 19 மட்டும் சேர்த்தால் 11 இலக்கங்களே வரும். நடுவிலுள்ள 0ஐ மறவாதீர்கள்.