அமரத்தை அலை பிடித்தால் அணியத்தில் நிற்கலாம்

நின்றபடி துடுப்புப் போடும் பலகையில் அலையேறி, அது ஓடும்போதே முன்நுனிக்கு நடந்துபோய் நிற்பது நோஸ்ரைடிங். அதற்குப் பலகை தேடுகிறவர்கள் முன்பக்கத்தைத்தான் முதலில் பார்க்கிறார்கள். பார்க்க வேண்டியது பின்பக்கத்தை. கடற்கரை வழக்கில் சொன்னால், முன்பக்கமான அணியத்தில் ஆள் நிற்க, பின்பக்கமான அமரத்தை அலை பிடித்திருக்க வேண்டும்.

ஒரு கரண்டியின் காம்பை இரண்டு விரலால் தளர்வாகப் பிடித்து, அதன் முதுகைக் குழாய்த் தண்ணீரில் தொடவிட்டால் இது விளங்கும். தண்ணீர் கரண்டியைத் தள்ளாது. தன் பக்கம் இழுக்கும். வளைவை ஒட்டி நீர் திரும்புவதால் வரும் இழுவை அது. பலகையின் பின்விளிம்பு உருண்டையாக இருந்தால் அலைநீர் அப்படியே சுற்றி ஏறி மேல்தட்டில் வழிகிறது. இழுவையும் வழியும் நீரின் பாரமும் சேர்ந்து, முன்னால் நிற்பவரின் எடைக்கு ஈடுகொடுக்கின்றன. கூர்விளிம்பு நீரை உதறிவிடும். சட்டென்று திரும்ப அது நல்லது, இதற்கு ஆகாது.

ஆகவே அமரம் அகலமாக, கடைசி ஓரடி சற்றே மேல்வளைந்து, மெலிந்திருக்க வேண்டும். துடுப்புப் பலகைகளில் கோளாறு பெரும்பாலும் இங்கேதான். ஆளைத் தாங்கட்டும் என்று பின்பக்கத்தையும் தடிமனாக்கினால், அது நீரில் அமிழாமல் துள்ளும். 70 கிலோ எடையுள்ளவர் மிதக்கவே 70 லிட்டர் கொள்ளளவு செலவாகும். நின்று துடுப்புப் போட இன்னும் 40, 50 லிட்டர் வேண்டும். அந்தக் கொள்ளளவை நடுவில் வைப்பதே சரி.

அணியம் அகன்று, அடியில் லேசாகக் குழிந்திருந்தால் நீர் அதைத் தூக்கிக் கொடுக்கும். கட்டுமரத்தின் முன்மரங்கள் மேல்நோக்கி நிமிர்ந்திருப்பதும் அலையில் குத்தாமலிருக்கத்தான். ஆனால் இந்தப் பலகையில் அவ்வளவு நிமிர்வு வேகத்தைக் கொன்றுவிடும். நீளம் 10 அடியை ஒட்டியும் அகலம் 30 அங்குலத்தை ஒட்டியும் இருக்கலாம். அடியில் நீளமான ஒற்றை ஃபின் போதும்.

1965இல் கலிஃபோர்னியாவின் வென்சுராவில் டாம் மோரி நோஸ்ரைடிங்குக்கென்றே ஒரு போட்டி நடத்தினார். பலகையின் முன் கால்பகுதியில் நின்ற நேரமே அங்கே கணக்கு.

தாமிரபரணிப் பக்கத்துக்காரர்கள் இதைப் பழக மணப்பாட்டுக்குப் போகலாம். திருச்செந்தூருக்குத் தெற்கே அது சுமார் 18 கி.மீ. சிறிய அலை, ஓரத்திலிருந்து மெல்ல மடங்கும் நாள்தான் ஏற்றது. தாமிரபரணியின் தேங்கிய நீரில் வழுக்கிச் செல்லும் நீண்ட கூர்முகப் பலகையை அங்கே கொண்டுபோனால், அலையில் மூக்கைக் குத்தி ஆளைக் கவிழ்க்கும்.