மண்ணுள் மறைந்த படைக்கலங்கள்: பேராவின் தோட்டப்புறப் போர்ச்சான்றுகளை வாசித்தல்

முன்னுரை

பேரா மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்கள் பல இன்று செம்பனைத் தோட்டங்களாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறிவிட்டன. மரங்களைச் சாய்த்து மண்ணைப் புரட்டும்போது துருவேறிய துப்பாக்கிக் குழல், பித்தளைத் தோட்டாக்கூடு, தலைக்கவசம் முதலிய போர்க்கால எச்சங்கள் வெளிப்படுவதுண்டு. மேலைநாடுகள் சிலவற்றில் பழைய படைத்துப்பாக்கிகளைத் திரட்டுவது உரிமத்துடன் கூடிய பொழுதுபோக்காக வளர்ந்துள்ளது. நம் நாட்டுச் சட்டம் அதற்கு இடந்தரவில்லை. எனினும் அத்திரட்டாளர்கள் வகுத்துக்கொண்ட அடையாளங்காணும் முறைகள், தோட்டத்தமிழர் வரலாற்றை எழுதுவோர்க்குப் பெரிதும் பயன்படத்தக்கவை. அம்முறைகளை விளக்குவதும், இரும்புச்சான்றினையும் வாய்மொழிச்சான்றினையும் இணைத்து வாசிக்க வேண்டியதன் காரணத்தை எடுத்துக்காட்டுவதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

மூன்று காலப் படிவுகள்

பேராவில் கிடைக்கும் எச்சங்களை எல்லாம் 'சப்பான்காரன் காலத்தவை' என்று பொதுப்படக் கூறும் வழக்கம் உண்டு. உண்மையில் இங்கு மூன்று படிவுகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமைந்துள்ளன.

முதலாவது, 1941-42 ஆம் ஆண்டுப் போர். 1941 டிசம்பர் 8 ஆம் நாள் கோத்தா பாருவில் தரையிறங்கிய சப்பானியர், அம்மாத இறுதிக்குள் ஈப்போவைக் கைப்பற்றினர். டிசம்பர் 30 முதல் 1942 சனவரி 2 வரை கம்பாரில் பதினோராம் இந்தியப் படைப்பிரிவு அவர்களை எதிர்த்து நின்றது. சனவரி 7 ஆம் நாள் துரோலாக்கிலிருந்து சிலிம் ரிவர் வரை நெடுஞ்சாலை வழியே பாய்ந்த சப்பானியத் தகரிகள் அப்படைப்பிரிவைச் சிதறடித்தன. அச்சாலையின் இருமருங்கும் ரப்பர் தோட்டங்களாக இருந்தன என்பது நாம் கருதத்தக்கது.

இரண்டாவது, தலைமறைவுப் போர். 1943 இல் பிரித்தானியரின் 136 ஆம் படையினர் நீர்மூழ்கிக் கப்பல் வழியாகப் பேராக் கரையில் இறங்கினர். அவ்வாண்டின் இறுதியில் பீடோருக்கு அருகிலுள்ள பிளாந்தான் மலைமுகாமில், மலாயா மக்கள் சப்பானிய எதிர்ப்புப் படையுடன் உடன்பாடு கண்டனர். 1945 இல் வானூர்திகள் வாயிலாக ஆயுதங்கள் காட்டுக்குள் இறக்கப்பட்டன. 1945 டிசம்பரில் அவ்வெதிர்ப்புப் படை கலைக்கப்பட்டபோது ஆயுதங்கள் திரும்பப் பெறப்பட்டன. ஆயினும் ஒரு பகுதி காட்டிலேயே பதுக்கப்பட்டது.

மூன்றாவது, அவசரகாலம். 1948 சூன் 16 ஆம் நாள் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஐரோப்பியத் தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அறிவிக்கப்பட்ட அவசரகாலம், 1960 சூலை 31 வரை நீடித்தது. இக்காலத்தில் தோட்டத்தொழிலாளர் குடியிருப்புகள் பல முள்வேலிக்குள் கொண்டுவரப்பட்டன.

குறிகளை வாசிக்கும் முறை

ஓர் எச்சம் இம்மூன்று படிவுகளுள் எதனைச் சார்ந்தது என்பதனை அறிய, பொருளின் மேலுள்ள குறிகளே முதற்சான்றாகும். தோட்டாக்கூட்டின் அடிவட்டத்தில் செய்த ஆலையின் குறியும் பெரும்பாலும் ஆண்டின் இறுதி இரு இலக்கங்களும் பொறிக்கப்பட்டிருக்கும். அம்புக்குறி ஒன்றின் இருபுறமும் ஆங்கிலத்தின் 'கே', 'எப்' எழுத்துகள் அமைந்திருப்பின், அது புனேக்கு அருகிலுள்ள கிர்க்கி ஆலையில் செய்யப்பட்டதாகும். பேராவில் போரிட்ட இந்தியச் சிப்பாய்களின் கையிலிருந்த லீ-என்ஃபீல்டு துப்பாக்கிகளுள் வங்காளத்தின் இஷாப்பூர் ஆலையில் செய்யப்பட்டனவும் உண்டு; அவற்றில் ஆலையின் பெயரும் ஆண்டும் காணப்படும்.

அளவும் வடிவும் அடுத்த சான்றுகள். லீ-என்ஃபீல்டின் 0.303 அங்குலத் தோட்டாக்கூடு அடியில் புடைத்த விளிம்புடையது. சப்பானியரின் 38 ஆம் வகை அரிசாக்கா துப்பாக்கி 6.5 மில்லிமீட்டர்த் தோட்டாவையும், 99 ஆம் வகை 7.7 மில்லிமீட்டர்த் தோட்டாவையும் பயன்படுத்தின. இங்குக் கருத்தூன்றிப் பார்த்தல் வேண்டும். சப்பானியக் கடற்படையின் சில இயந்திரத் துப்பாக்கிகள் பிரித்தானியத் தோட்டாவின் வடிவையே கொண்ட தோட்டாக்களைச் சுட்டன. ஆகவே வடிவை மட்டும் கொண்டு சுட்டவர் யாரெனத் துணிதல் பொருந்தாது. அரிசாக்காவின் மேல் சப்பானியப் பேரரசின் சாமந்திப்பூ முத்திரை இருக்கும்; போர் முடிவில் ஒப்படைக்கப்பட்ட பல துப்பாக்கிகளில் அம்முத்திரை அராவி அழிக்கப்பட்டுள்ளது.

பொறிக்கப்பட்ட ஆண்டு, அப்பொருள் அவ்வாண்டிற்கு முற்பட்டதன்று என்பதை மட்டுமே உணர்த்தும். 1938 இல் செய்த தோட்டா 1950 இலும் சுடப்பட்டிருக்கலாம். ஆனால் 1944 என்னும் குறியுடைய கூடு கம்பார்ப் போரைச் சார்ந்ததாக இருக்கவே இயலாது. அவ்வாறே, 'காட்டுத் துப்பாக்கி' எனப்பட்ட குட்டையான ஐந்தாம் எண் லீ-என்ஃபீல்டு 1944 இல்தான் உற்பத்திக்கு வந்தது. அதன் உறுப்பொன்று தோட்டத்தில் கிடைப்பின் அதனை அவசரகாலத்தோடு தொடர்புபடுத்துவதே பெரிதும் பொருந்தும்.

துப்பாக்கியும் மௌனமும்

இத்துணைப் போர் நிகழ்ந்த நிலத்தில், ஆயுதங்களைப் பற்றித் தோட்டத்து முதியோர் விரிவாகப் பேசாதது ஏன் என்னும் வினா எழுகின்றது. அவசரகால விதிகளின்படி, உரிமமின்றி ஆயுதம் வைத்திருப்பது மரணதண்டனைக்குரிய குற்றம். அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக விளங்கிய எஸ். ஏ. கணபதி, துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்னும் குற்றச்சாட்டின்பேரில் 1949 மே 4 ஆம் நாள் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். தலைவர் ஒருவர்க்கே இந்நிலை என்றால், பால்மரத்தடியில் துப்பாக்கியைக் கண்ட தொழிலாளி அதனை ஆற்றில் எறிவதையோ கண்டதையே மறைப்பதையோ தவிர வேறென்ன செய்திருக்க முடியும்? வாய்மொழி வரலாற்றில் உள்ள இவ்விடைவெளியை மறதி என்று கொள்ளுதல் தகாது. அச்சம் கற்பித்த மௌனம் அது. நேர்காணல் செய்வோர் "துப்பாக்கி பார்த்தீர்களா?" என்று நேரே கேட்பதினும், வேலி, சோதனைச் சாவடி, அரிசிப் பங்கீடு ஆகியவற்றைப் பற்றிக் கேட்பது பயன்தரும். விடை அவ்வழியே வெளிப்படும்.

சட்டமும் கடமையும்

1960 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971 ஆம் ஆண்டுச் சுடுகலன் (கூடுதல் தண்டனை) சட்டமும் இன்றும் நடைமுறையில் உள்ளன. பழைய துப்பாக்கியாயினும் உரிமமின்றி வைத்திருத்தல் நெடுஞ்சிறைக்கும் பிரம்படிக்கும் இடமாகும். தொல்பொருள் என்று கருதத்தக்கதைக் கண்டெடுப்பவர் அதனை மரபுடைமை ஆணையர்க்கோ மாவட்ட அதிகாரிக்கோ தெரிவிக்க வேண்டுமென 2005 ஆம் ஆண்டுத் தேசிய மரபுடைமைச் சட்டம் பணிக்கின்றது. வெடிக்காத குண்டோ தோட்டாவோ எனின் தொடாது விலகிக் காவல்துறைக்கு அறிவித்தல் ஒன்றே வழி. எண்பது ஆண்டு மண்ணில் கிடந்தாலும் வெடிமருந்து தன் ஆற்றலை இழப்பதில்லை.

ஆசிரியர் செய்யத்தக்கது வேறு. பொருளை எடுக்காமல், கிடந்த இடத்திலேயே அளவுகோலுடன் படமெடுத்தல். தோட்டத்தின் பெயர், பிரிவு, லயம் ஆகியவற்றைக் குறித்தல். கண்டவரின் சொற்களை அவர் பேசியவாறே எழுதுதல் ஆகிய மூன்றும் போதும். இடமறியாத எச்சம் பழைய இரும்புக் கடைக்கே உரியது. இடமறிந்த எச்சமோ பெயரற்ற ஒருவர்க்குப் பெயரையும் வழங்கக்கூடும். தைப்பிங் போர்க்கல்லறையில் துயில்வோருள் பாதிக்கும் மேற்பட்டோர் அடையாளம் அறியப்படாதவர்கள் என்பதை இங்கு நினைவுகூரலாம். கம்பார்ப் போர்க்களத்தின் பதுங்குகுழிகளை நடந்து நடந்து பதிவு செய்து, அங்குப் போரிட்ட பிரித்தானியப் பட்டாளத்தின் வரலாற்றை நூலாக்கிய சாய் கூய் லூங், அவ்வூரில் பணியாற்றிய ஒரு பள்ளி ஆசிரியரே.

முடிவுரை

படைவீரன் விட்டுச்சென்றது இரும்பும் பித்தளையும். அவை ஆண்டினையும் ஆலையையும் தாமே கூறுகின்றன. தோட்டங்களிலிருந்து சயாம் ரயில்பாதைக்குக் கொண்டுசெல்லப்பட்ட தமிழர்கள் விட்டுச்சென்றவற்றில் எக்குறியும் பொறிக்கப்படவில்லை. கோணிச்சாக்கு உடையும் தகரக்குவளையும் மண்ணோடு மண்ணாயின. துப்பாக்கிகளை மட்டும் திரட்டி எழுதப்படும் வரலாற்றில் இவர்கட்கு இடமிராது. எனவே, தோட்டாக்கூட்டின் அடிவட்டத்தை வாசிக்கும் அதே நுணுக்கத்துடன் லயத்து முதியோரின் சொற்களையும் வாசித்தல் வேண்டும். முன்னது இன்னும் பல்லாண்டு மண்ணில் காத்திருக்கும். பின்னதற்கு அத்தகைய காலம் இல்லை.