நிதி ஆலோசகரின் திரை: தெளிவு இல்லாத இடத்தில் பாதுகாப்பும் இல்லை

2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் திகதி அமெரிக்காவின் சிட்டி வங்கியில் ஒரு பெரும் தவறு நடந்தது. அழகுசாதனப் பொருட்கள் நிறுவனமான ரெவ்லோனுக்குக் கடன் கொடுத்தவர்களுக்கு, வட்டியாக ஏறத்தாழ 7.8 மில்லியன் டொலரை மட்டும் அந்த வங்கி அனுப்ப வேண்டியிருந்தது. ஆனால் முதலும் சேர்ந்து சுமார் 900 மில்லியன் டொலர் வெளியே போய்விட்டது. திருடர் எவரும் புகவில்லை. கடவுச்சொல்லும் களவு போகவில்லை. மூன்று பேர் பார்த்து அனுமதித்த கொடுப்பனவு அது.

காரணம் கணினித் திரைதான். முதல் தொகை வெளியே போகாமல் வங்கியின் உள்கணக்கில் நிற்பதற்குத் திரையில் மூன்று கட்டங்களை நிரப்ப வேண்டும். ஊழியர் ஒன்றை மட்டும் நிரப்பினார். அது போதும் என்றே மூவரும் நினைத்தனர். பணம் வங்கிக்கு வெளியே போகும் என்ற எச்சரிக்கை திரையில் வந்தது. ஆனால் எவ்வளவு போகும் என்று அது சொல்லவில்லை. கடன் கொடுத்தவர்களுள் சிலர் சுமார் 500 மில்லியன் டொலரைத் திருப்பித் தர மறுத்தனர். 2021 பெப்ரவரியில் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. 2022 செப்டெம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அத்தீர்ப்பை மாற்றும்வரை வங்கிக்கு நிம்மதி இல்லை.

அவ்வளவு பெரிய வங்கியின் கதை நமக்கு எதற்கு என்று சிலர் கேட்கலாம். இன்று நமது வர்த்தகர்களின் கணக்குகளும் பேரேட்டிலிருந்து திரைக்கு வந்துவிட்டன. நமக்கு ஆலோசனை கூறும் கணக்காளரும் நிதி ஆலோசகரும் பல கடைகளின் நிலைமையை ஒரே திரையில் பார்க்கின்றனர். இதனை டேஷ்போர்ட் என்பார்கள். வாகனத்தில் சாரதிக்கு முன்னால் எரிபொருளையும் வேகத்தையும் காட்டும் பலகையைப் போன்றது இது. பலகை தவறாகக் காட்டினால் நல்ல சாரதியும் நடுவழியில் நிற்பான். எனவே இப்படியொன்றைச் செய்விக்கும்போது எவற்றைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதை வர்த்தகரும் அறிந்திருக்க வேண்டும்.

முதற் பக்கத்தில் என்ன வேண்டும்?

படங்களும் வட்டங்களும் நிறைந்த திரை பார்வைக்கு அழகாக இருக்கும். ஆனால் ஆலோசகருக்குத் தேவை நாலைந்து விடயங்கள்தாம். வங்கியில் உள்ள மீதி, நாம் கொடுத்த பின்திகதியிட்ட காசோலைகள், நமக்கு வரவேண்டிய கடன் எத்தனை நாள் பழையது, கையிலுள்ள சரக்கு, அடுத்துக் கட்ட வேண்டிய வரியும் தவணையும் என்பனவே அவை.

ஓர் உதாரணம் பார்ப்போம். வங்கியில் 18 இலட்சம் ரூபா உள்ளது. வாடிக்கையாளர் தந்து, இன்னும் காசாகாத காசோலைகள் 9 இலட்சம். இந்த வாரம் நமது காசோலைகளுக்குப் போக வேண்டியது 15 இலட்சம். திரை இரண்டு வரவையும் கூட்டி 27 இலட்சம் என்று காட்டினால், 15 போக 12 இலட்சம் மிஞ்சும் என்று ஆலோசகர் கணக்கிடுவார். 10 இலட்சத்துக்குச் சரக்கு எடுக்கலாம் என்பார். வாடிக்கையாளரின் காசோலைகள் திரும்பினால் நமது காசோலையும் திரும்பும். உண்மையில் நம்பத்தக்க மீதி 3 இலட்சம்தான். ஆகவே கையில் உள்ளதும் வரவிருப்பதும் வெவ்வேறாகக் காட்டப்பட வேண்டும். கணக்கு கடைசியாக எந்த நாள், எத்தனை மணிக்குப் புதுப்பிக்கப்பட்டது என்பதும் தெரிய வேண்டும்.

நிறத்தை மட்டும் நம்பவும் கூடாது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர் இருக்கின்றனர். நிறத்துடன் சொல்லும் இருக்கட்டும். பணம் அனுப்பும்போது "நிச்சயமா?" என்று மட்டும் கேட்பதில் பயனில்லை. இன்ன கணக்குக்கு இத்தனை ரூபா போகின்றது என்று தொகையையும் பெயரையும் காட்டிய பின்பே அனுமதி கேட்க வேண்டும்.

யார் எதைப் பார்க்கலாம்?

பல கடைகளில் ஒரே கடவுச்சொல்லை எல்லோரும் பாவிக்கின்றனர். தவறு நடந்தால் யார் செய்தது என்று கண்டுபிடிக்க முடியாது. ஒவ்வொருவருக்கும் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வேண்டும். களஞ்சியத்தில் இருப்பவருக்குச் சரக்கு தெரிந்தால் போதும், இலாபம் தெரியத் தேவையில்லை. ஆலோசகர் கணக்கைப் பார்க்கலாம், பணத்தை அசைக்கக் கூடாது. பதிபவர் ஒருவர், அனுமதிப்பவர் இன்னொருவர். கடவுச்சொல்லுடன் கைத்தொலைபேசிக்கு வரும் இலக்கத்தையும் கேட்பது நல்லது. அந்த இலக்கத்தை எவருக்கும் சொல்லக் கூடாது. ஊழியர் விலகும் அன்றே அவரது அனுமதியும் நீக்கப்பட வேண்டும்.

கெடுபிடி கூடினால் பாதுகாப்புக் கூடும் என்று எண்ணவும் வேண்டாம். மாதாமாதம் கடவுச்சொல்லை மாற்றச் சொன்னால் ஊழியர் அதைத் துண்டில் எழுதித் திரையில் ஒட்டுவார். காரணமின்றி அடிக்கடி மாற்றச் சொல்ல வேண்டாம் என்று அமெரிக்காவின் தேசிய தர, தொழில்நுட்ப நிறுவனம் 2017இலேயே அறிவுறுத்தியது.

பதிவேட்டைப் பார்ப்பவர் யார்?

யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு எவராலும் அழிக்க முடியாதபடி இருக்க வேண்டும். அதைத் தினமும் ஒருவர் பார்க்கவும் வேண்டும். 2016 பெப்ரவரியில் பங்களாதேஷ் மத்திய வங்கியின் நியூயோர்க் கணக்கிலிருந்து கிட்டத்தட்ட ஒரு பில்லியன் டொலரைக் கொண்டுபோகத் திருடர்கள் போலிக் கட்டளைகளை அனுப்பினர். 81 மில்லியன் டொலர் பிலிப்பைன்ஸுக்குப் போயிற்று. கட்டளைகளை அச்சிடும் இயந்திரம் அந்த வங்கியில் வேலை செய்யவில்லை. வழமையான பழுது என்றே ஊழியர் எண்ணினர். இலங்கைக்கு அனுப்பப்பட்ட 20 மில்லியன் டொலர் தப்பியதற்கு, பெறுநரின் பெயரில் ஓர் ஆங்கிலச் சொல் பிழையாக இருந்ததை ஒருவர் கவனித்ததே காரணம். முன்னையதில் கண் பார்க்கவில்லை, பின்னையதில் பார்த்தது. பெரிய தொகை அசைந்தால் முதலாளியின் கைத்தொலைபேசிக்கு உடனே தகவல் வருவதும் இதற்காகத்தான்.

செய்பவரிடம் கேட்க வேண்டியவை

நமது தரவுகள் எங்கே வைக்கப்படுகின்றன? பிரதி எத்தனை நாளுக்கொரு முறை எடுக்கப்படுகின்றது? நாளை ஒப்பந்தம் முறிந்தால் நமது கணக்கு முழுவதும் நம் கைக்கு வருமா? இவற்றை எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள். வாடிக்கையாளரின் பெயர், விலாசம், கடன் ஆகியன நம்மிடமுள்ள அமானிதம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் அதனையே வலியுறுத்துகின்றது.

இறுதிக் கொடுப்பனவுக்கு முன் ஒரு சோதனை செய்யுங்கள். உங்கள் கணக்குப் பிள்ளையைத் திரைக்கு முன் அமர்த்தி, அடுத்த வாரம் எவ்வளவு காசோலைக்குப் போக வேண்டும், மூன்று மாதத்துக்கு மேல் கடன் வைத்திருப்பவர் யார், நேற்று கணக்கைத் திருத்தியவர் யார் என்று கேளுங்கள். செய்தவரின் உதவியின்றி அவர் பதில் சொன்னால் மீதிப் பணத்தைக் கொடுக்கலாம். தடுமாறினால் குறை அவரிடமில்லை, திரையில்தான் உள்ளது. திருத்திக் கேளுங்கள்.