"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" செல்போன் போடும் கணக்கு சரியா?

உத்திரமேரூர்:

"நேத்து என்ன சாப்பிட்டீங்க?" என்று யாராவது கேட்டால் சட்டென்று என்ன சொல்வோம்? "காலைல இட்லி, மதியம் சோறு, ராத்திரி தோசை." அவ்வளவுதான். நடுவில் குடித்த 4 டீ, பஸ் நிலையத்தில் தின்ற வடை, தொட்டுக்கிட்ட ஊறுகாய் எதுவும் ஞாபகத்துக்கு வராது.

சர்க்கரை நோய், ரத்தக்கொதிப்பு பற்றி ஆராய்கிறவர்களுக்கு இதுதான் பெரிய தலைவலி. முன்பு பேப்பரில் எழுதிய கேள்விகளை இப்போது செல்போன், கம்ப்யூட்டரில் கேட்கிறார்கள். கணக்கு சீக்கிரம் முடியும். ஆனால் நாம் சொல்வது தப்பானால், மெஷின் போடும் கணக்கும் தப்புதான்.

எங்கே தப்பு வருது?

ஒரு வீட்டுக் கரண்டி பெரிசு, இன்னொரு வீட்டில் சிறிசு. காஞ்சிபுரம் இட்லியில் மிளகு, சீரகம், நெய் சேரும். அதை சாதா இட்லி என்று பதிந்தால் நெய்க்கணக்கு விட்டுப்போகும். கூழ், வயல் வரப்பில் பறித்த கீரை பட்டியலிலேயே இல்லாவிட்டால் சாப்பிட்டவர் சாப்பிடாதவர் ஆகிவிடுவார். "டாக்டர் திட்டுவாரோ" என்று இனிப்பை மறைப்பவர்களும் உண்டு.

சோதிப்பது எப்படி?

சென்னையில் உள்ள மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம் நம்ம ஊர் சாப்பாட்டுக்காக 222 உணவு வகைகள் கொண்ட கேள்விப் பட்டியலைத் தயாரித்தது. அதே ஆட்களிடம் "நேத்து சாப்பிட்டது என்ன" என்று பல நாள் தனியாகக் கேட்டு, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தது. அந்த முடிவு 2006-ல் வெளியானது.

இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகத்தில் உருவான 'இன்டேக்24' என்ற கம்ப்யூட்டர் முறை, தட்டில் எவ்வளவு இருந்தது என்று படம் காட்டிக் கேட்கும். பிறகு இந்தியா, இலங்கை உள்ளிட்ட நாடுகளின் உணவுகளைச் சேர்த்து, தெற்காசியாவுக்கு ஏற்றபடி அதை மாற்றினார்கள்.

வாய் மறந்தாலும் உடம்பு மறக்காது. சாப்பிட்ட உப்பில் பெரும்பகுதி சிறுநீரில் வந்துவிடும். அதனால் 24 மணி நேர சிறுநீரைச் சேர்த்துச் சோதித்தால் உண்மை தெரிந்துவிடும். ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைவாக உப்பு போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். கேள்வியில் 4 கிராம், சிறுநீரில் 9 கிராம் என்று வந்தால் கேள்வியைத்தான் திருத்த வேண்டும்.

நமக்கு என்ன?

இந்தக் கணக்கை வைத்துத்தான் "இதைக் குறை, அதைச் சேர்" என்று ஆலோசனை சொல்கிறார்கள். நகரத்து தட்டுக்குப் போட்ட கணக்கு, நாத்து நடுகிறவர் தட்டுக்குப் பொருந்தாது.

ஆகவே யாராவது கேட்டால் கூச்சப்படாமல் உள்ளதைச் சொல்லுங்க. பரிமாறும் கரண்டியையும் எடுத்துக் காட்டுங்க. சமைத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கிட்டா எண்ணெய்க் கணக்கும் சரியாக வரும். இதில் பாஸ், பெயில் கிடையாது. பரீட்சை கேள்விக்குத்தான், உங்களுக்கு இல்லை.