மூளையைப் பற்றி ஒரு தாய் கேட்ட கேள்வி

பள்ளி விட்டு, வருகைப் பதிவேட்டை மூடிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் தாய் வாசலில் வந்து நின்றார். தீப்பெட்டி ஆபீசில் வேலை முடித்து நேராக வந்திருந்தார். கையில் நான்காக மடித்த ஒரு நோட்டீஸ்.

"டீச்சர், நம்ம பயல இதுல சேத்து விடட்டுமா? ரெண்டே நாள்ல மூள தொறந்துருமாம். கண்ணக் கட்டிட்டே படிப்பானாம்."

நோட்டீசில் ‘நடுமூளைத் தூண்டல் பயிற்சி’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. கண்ணைக் கட்டிய சிறுமி ஒருத்தி புத்தகம் வாசிக்கும் படமும் இருந்தது. நினைவாற்றல் பெருகும், மதிப்பெண் கூடும் என்று வரிசையாக வாக்குறுதிகள். கட்டணம் அவருடைய ஒரு மாதக் கூலியைவிட அதிகம்.

அவருடைய மகன் வாசிப்பில் பின்தங்கியிருந்தான். அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ‘வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு வாய் வந்தது. ஏன் வேண்டாம் என்று சொல்ல விவரம் இல்லை. "ஒரு வாரம் பொறுங்கம்மா, விசாரிச்சுச் சொல்றேன்" என்று அனுப்பி வைத்தேன்.

எங்கே விசாரிப்பது?

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களில் விதையைப் பற்றிச் சந்தேகம் வந்தால் வேளாண்மை ஆராய்ச்சி நிலையத்தில் கேட்கலாம். மூளையைப் பற்றிச் சந்தேகம் வந்தால்? சென்னையில் படிக்கும் என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். "ஆராய்ச்சி நிறுவனங்களே பொதுமக்களுக்காகப் பேசுறாங்க டீச்சர். நீங்க இருக்கிற இடத்துலயே கேக்கலாம்" என்றாள்.

அதன் பிறகுதான் இந்த உலகம் எனக்குத் தெரிய வந்தது. சென்னை ஐ.ஐ.டி. பேராசிரியர் வி. சீனிவாச சக்கரவர்த்தி மூளையைப் பற்றி நடத்திய ‘டிமிஸ்டிஃபையிங் தி பிரெய்ன்’ என்ற உரைத் தொடர் என்.பி.டி.இ.எல். தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனம், இசைக் கச்சேரி நடக்கும் மியூசிக் அகாடமியிலேயே ‘சயின்ஸ் அட் தி சபா’ என்ற பெயரில் பொதுமக்களுக்கான அறிவியல் உரைகளை நடத்தி வருகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனத்தில் மூளை அருங்காட்சியகம் இருக்கிறது. உண்மையான மனித மூளையைக் கையால் தொட்டுப் பார்க்கவே அங்கு வாய்ப்புண்டு. 1996 முதல் ஒவ்வோர் ஆண்டும் மார்ச் மாதத்தில் மூளை விழிப்புணர்வு வாரம் கடைப்பிடிக்கப்படுகிறது. பல நாடுகளின் ஆய்வகங்கள் அந்த வாரத்தில் பொதுமக்களுக்குக் கதவைத் திறக்கின்றன.

பெரும்பாலான உரைகள் ஆங்கிலத்தில்தான் உள்ளன. இரவு சமையல் முடித்து, கைபேசியில் வேகத்தைக் குறைத்து வைத்து, புரியாத இடத்தை மறுபடி கேட்டேன். கேட்டதை நம் பாடநூலோடு ஒப்பிட்டுக் குறித்துக்கொண்டேன்.

நடுமூளை தூங்கவில்லை

முதல் பதில் நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலிலேயே இருந்தது. முன்மூளை, நடுமூளை, பின்மூளை என்ற பிரிவுகளில் நடுமூளை சிறியது. கண் அசைவு, வெளிச்சத்துக்கு ஏற்பப் பாவை சுருங்குவது, சத்தம் கேட்ட பக்கம் சட்டென்று தலை திரும்புவது போன்ற வேலைகளில் அதற்குப் பங்குண்டு. விழித்திருப்பதற்கும் அது வேண்டும். உயிரோடு விழித்திருக்கும் எந்தக் குழந்தைக்கும் நடுமூளை ஏற்கெனவே வேலை செய்துகொண்டுதான் இருக்கிறது. அதைத் தூண்டி எழுப்ப ஒன்றும் இல்லை.

சென்னை ஐ.ஐ.டி.யில் 2022இல் சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. அந்த மையம் 2024 டிசம்பரில் ‘தரணி’ என்ற படத்தொகுப்பை வெளியிட்டது. கருவிலிருக்கும் சிசுவின் மூளையை மெல்லிய சீவல்களாக்கி எடுத்த 5,132 படங்கள் அதில் உள்ளன. கர்ப்பத்தின் நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரையிலான மூளை வளர்ச்சியை அதில் காணலாம். உலகில் யாரும் இலவசமாகப் பார்க்கலாம். மூளையின் பகுதிகள் தாய் வயிற்றிலேயே உருவாகத் தொடங்கிவிடுவதை அந்தப் படங்களில் பார்த்த பிறகு, ‘ரெண்டே நாள்ல மூள தொறந்துரும்’ என்ற சொல்லுக்கு என்ன மதிப்பு என்று விளங்கியது.

அடுத்தது கண்ணைக் கட்டி வாசிப்பது. எழுத்திலிருந்து வரும் ஒளி விழித்திரையில் பட வேண்டும். அங்கிருந்து பார்வை நரம்பு வழியாகத் தலாமசுக்கும், பின்பு மூளையின் பின்பகுதியில் உள்ள பார்வைப் புறணிக்கும் செய்தி போக வேண்டும். ஒளி உள்ளே போகாவிட்டால் வாசிப்பு இல்லை. அப்படியானால் அந்தக் குழந்தைகள் எப்படி வாசிக்கிறார்கள்? மூக்குக்கும் துணிக்கும் நடுவே உள்ள இடைவெளி வழியாகத்தான். பகுத்தறிவாளர் நரேந்திர நாயக் போன்றவர்கள் இதைப் பல இடங்களில் மக்கள் முன் செய்து காட்டியிருக்கிறார்கள்.

இதில் பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்று உண்டு. கீழே எட்டிப் பார்த்துக்கொண்டே ‘மனசுல தெரியுது’ என்று சொல்லும்படி குழந்தை பழக்கப்படுகிறது. பெற்றோர் கைதட்டுகிறார்கள். பொய்க்குப் பரிசு கிடைக்கிறது.

உண்மையான ஆய்வு எப்படிப் பேசும்?

வி.எஸ். ராமச்சந்திரன் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்தவர். 2003இல் பி.பி.சி. வானொலியின் புகழ்பெற்ற ரீத் சொற்பொழிவுகளை மூளையைப் பற்றி நிகழ்த்தியவர். கை துண்டிக்கப்பட்ட சிலருக்கு, இல்லாத கையில் வலி இருப்பதாகத் தோன்றும். அவர் ஒரு பெட்டியில் சாதாரணக் கண்ணாடியை நிறுத்தி, நல்ல கையின் பிம்பத்தை இல்லாத கை இருக்க வேண்டிய இடத்தில் காட்டினார். சிலருக்கு வலி தணிந்தது. முறையை அவர் ஒளிக்கவில்லை, வெளியிட்டார். மற்றவர்கள் சோதித்தார்கள். சிலருக்குப் பயன்பட்டது, சிலருக்குப் பயன்படவில்லை என்பதும் பதிவானது.

நோட்டீசில் இல்லாதது இதுதான். ‘பயன்படவில்லை’ என்ற சொல் அதில் எங்கும் இல்லை. மூளையைப் பற்றி யார் எதைச் சொன்னாலும் இப்போது மூன்று கேள்விகள் கேட்கிறேன். சொல்பவருக்கு அதனால் பணம் வருகிறதா? தொடர்பில்லாத வேறொருவர் சோதிக்க அனுமதிப்பாரா? எப்போது பலிக்காது என்றும் சொல்கிறாரா?

இந்தக் கேள்விகளை நாம் பயிற்சிகளில் கேட்டுப் பழகிய சில கருத்துகளிடமும் கேட்க வேண்டியிருந்தது. மூளையில் பத்து விழுக்காட்டைத்தான் பயன்படுத்துகிறோம் என்பது தவறு. உடல் எடையில் ஏறத்தாழ 2 விழுக்காடே உள்ள மூளை, ஓய்வில் உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ 20 விழுக்காட்டை எடுத்துக்கொள்கிறது. ‘இவன் இடது மூளைக்காரன், அவள் வலது மூளைக்காரி’ என்று பிள்ளைகளைப் பிரிப்பதற்கும் ஆதாரம் இல்லை. இதை நானே வகுப்பில் சொல்லியிருக்கிறேன்.

அந்தத் தாய்க்குச் சொன்ன பதில்

அடுத்த வாரம் அவர் வந்தார். நான் எதையும் விளக்கவில்லை. அவர் தோளில் கிடந்த துண்டையே வாங்கி அவர் கண்ணில் கட்டினேன். நோட்டீசை மடியில் வைத்தேன்.

சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "கீழ வழியாத் தெரியுதே டீச்சர்" என்றார்.

நோட்டீசை நெற்றிக்கு நேராக உயர்த்திப் பிடித்தேன். "இப்ப தெரியல."

துண்டை அவிழ்த்துவிட்டு அவர் கேட்டதுதான் கடினமான கேள்வி: "அப்ப இவனுக்கு என்னதான் செய்ய?"

ஒரு வாரம் கேட்ட உரைகளும் படித்த குறிப்புகளும் இதற்குத்தான் உதவின. முதலில் பள்ளிக்கு வந்த மருத்துவக் குழுவிடம் அவன் கண்ணைக் காட்டினோம். குறை இல்லை என்றார்கள். அதுவும் ஒரு பதில்தான். அடுத்தது தூக்கம். கற்றது நினைவில் உறைவதில் தூக்கத்துக்குப் பெரும் பங்குண்டு. 6 முதல் 12 வயது வரை நாளுக்கு 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது மருத்துவர்களின் பரிந்துரை. அவன் பதினொரு மணிவரை கைபேசி பார்த்துக்கொண்டிருந்தான். ஒன்பதுக்கே கைபேசியை வாங்கி வைப்பதாக அவர் ஒத்துக்கொண்டார்.

மூன்றாவது என் வேலை. அவனைத் தனியே வாசிக்க வைத்துக் கவனித்தேன். ‘கா’, ‘கி’, ‘கு’ தடையின்றி வந்தன. ‘கெ’, ‘கே’, ‘கை’, ‘கொ’, ‘கோ’ வரும்போதெல்லாம் நின்றான். ஒலியில் பின்னால் வரும் உயிரின் குறி எழுத்தில் முன்னால் நிற்கிறது, அங்கேதான் சிக்கல். ‘வாசிக்கத் தெரியாதவன்’ என்று நான் எழுதி வைத்திருந்த பையனுக்குத் தெரியாதது ஐந்தாறு குறிகள் மட்டுமே!

தினமும் பத்து நிமிடம் ஒதுக்கினேன். பார்த்து எழுதச் சொல்லவில்லை. சிலேட்டை மூடி வைத்து நினைவிலிருந்து எழுதச் சொன்னேன். அமெரிக்க ஆய்வாளர்கள் ரோடிகர், கார்பிக் இருவரும் 2006இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு அடிப்படை. ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது, படித்ததை நினைவுகூர்ந்து பார்த்தவர்களே முந்தினார்கள். இன்று எழுதியதை நாளையும், மூன்று நாள் கழித்தும், அடுத்த வாரமும் கேட்டேன். இடைவெளி விட்டுப் படிப்பதன் பயனை ஜெர்மானியர் எபிங்காஸ் 1885இலேயே எழுதியிருக்கிறார். அந்தத் தாய்க்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை. ஒரே நாளில் கொட்டித் தீர்க்கும் மழையைவிட, விட்டு விட்டுப் பெய்யும் மழைதான் மானாவாரி வெள்ளாமையைக் காப்பாற்றும் என்பது அவருக்குத் தெரியும்.

அரையாண்டுத் தேர்வுக்குள் அவன் ஒரு பத்தியை மெதுவாக, நிறுத்தி நிறுத்தி, தானே வாசித்தான். இன்னும் வேகம் வரவில்லை. ஆனால் ‘கோவில்பட்டி’ என்ற பேருந்துப் பலகையை இப்போது எழுத்துக்கூட்டாமல் படிக்கிறான்.

நாம் செய்யக்கூடியவை

ஆசிரிய நண்பர்களே, இத்தகைய உரை ஒன்றை முழுதாக நீங்கள் முதலில் கேளுங்கள். வகுப்புக்கு ஏற்ற பத்து நிமிடத்தை மட்டும் தேர்ந்தெடுத்து, நிறுத்தி நிறுத்தித் தமிழில் விளக்குங்கள். மேல் வகுப்பு ஆசிரியர்கள் பத்தாம் வகுப்பு நரம்பு மண்டலப் பாடத்தோடு ‘தரணி’ படங்களைச் சேர்த்துக் காட்டலாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் ஒரு துண்டை வைத்து, கண்கட்டுச் சோதனையைப் பெற்றோரையே செய்து பார்க்கச் சொல்லுங்கள். எந்தக் குழந்தையையும் முன்னால் நிறுத்திப் பொய்யன் ஆக்கிவிட வேண்டாம்.

நோட்டீஸ்கள் நம் ஊருக்கு வந்துகொண்டுதான் இருக்கும். பணம் கட்டுவதற்கு முன் பெற்றோர் வந்து கேட்கும் இடம் நம் பள்ளி வாசல். அங்கே நிற்கும் நமக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும்.